குசினியிலிருந்து மேசை வரை



கடந்த இதழ்களில் நுண்கடன் பற்றியும் காணி உறுதி பற்றியும் எழுதியிருந்தேன். இம்முறை சாப்பாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். அதுவும் பிரெஞ்சு நாட்டுச் சாப்பாடு. "உலை வைக்க அரிசி தேடும் எங்களுக்கு இது எதற்கு?" என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. உங்கள் வீட்டிலும் வளர்ந்த பெண் பிள்ளை ஒருத்தி வேலை தேடிக்கொண்டிருக்கலாம். அவளுக்காகவே இதை எழுதுகிறேன்.

எமது பெண்கள் குழுக்களைப் பார்வையிடுவதற்காகப் பிரான்சிலிருந்து ஒரு பெண்மணி பதுளைக்கு வந்திருந்தார். திரும்பிச் செல்வதற்கு முதல் நாள் இரவு, ஹப்புத்தளைப் பக்கத்தில் உள்ள ஒரு விடுதிக்கு எங்களைச் சாப்பிட அழைத்தார். பழைய துரை பங்களா ஒன்றைத் திருத்தி விடுதியாக்கியிருந்தார்கள். பிரெஞ்சு முறையில் சமைப்பதற்குப் பெயர்பெற்ற இடம். என்னுடன் எமது குழுத் தலைவி அக்காவும் வந்தார். முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். சிறுபிள்ளையாக இருந்தபோது தமது தோட்டத்துத் துரை பங்களாவின் குசினிக்கு விறகு கொண்டுபோய்ப் போட்டவர். "பங்களான்னா எனக்குப் பின் கதவுதான் மிஸ் தெரியும். முன் வாசலால போறது இதுதான் மொதத் தடவ" என்று படியேறும்போது சொன்னார்.

மேசையில் ஒருவருக்கு மூன்று முள்ளுக்கரண்டி, மூன்று கத்தி, இரண்டு கரண்டி, நான்கு கண்ணாடிக் குவளை. அக்கா கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். பரிமாற வந்த தம்பி பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். குனிந்து மெதுவாக, "வெளிப்பக்கத்துல இருக்கிறதுலயிருந்து உள்ளுக்கு வாங்கம்மா. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு சோடி. அவ்வளவுதான்" என்றார். பெரிய இரகசியம் போலத் தெரிந்தது இரண்டு வசனத்தில் முடிந்துவிட்டது. கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் தட்டில் பிரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறோம் என்று அர்த்தம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைத்தால் முடிந்தது, எடுத்துச் செல்லலாம் என்று அர்த்தம். பேசாமலே பரிமாறுபவருக்குச் செய்தி சொல்லும் வழி இது.

முதலில் ஒரு வாயளவில் ஏதோ ஒன்று வந்தது. பின் தேங்காய்ப்பால் விட்ட பூசணிக்காய் சூப். அதன்பின் வல்லாரைச் சாறு ஊற்றிய மீன் துண்டு. பின்னர் கோழி இறைச்சி. அதன் பிறகு பாற்கட்டி. ஒவ்வொன்றும் பெரிய தட்டின் நடுவில் உள்ளங்கை அளவுதான். "இம்மாம் பெரிய தட்டுல இத்தனூண்டு வச்சிருக்காங்களே" என்று அக்கா என் காதில் சொன்னார். ஆனால் ஐந்தாவது தட்டு வந்தபோது வயிறு நிறைந்துவிட்டது என்றும் அவரே சொன்னார். இறுதியில் வந்த ஐஸ்கிறீம், தேயிலைச் சாயத்தில் செய்தது. விலைப் பட்டியலில் "ஊவா தேயிலை" என்று அச்சிட்டிருந்ததை வாசித்துக் காட்டினேன். அக்கா ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துவிட்டு, "நம்ம கொழுந்துதான். நல்லா வெயிலும் காத்தும் அடிக்கிற மாசத்துல எடுத்தது" என்றார். ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாப் பக்கம் வீசும் வறண்ட காற்றில் விளையும் கொழுந்துக்கு ஒரு தனி வாசம் உண்டு. உலகச் சந்தையில் ஊவா தேயிலைக்குப் பெயர் வந்ததற்கு அதுவே காரணம்.

விலையையும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு 14,000 ரூபா. அதற்கு மேல் வரியும் 10 வீத சேவைக் கட்டணமும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1750 ரூபா என அறிவிக்கப்பட்டது. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் "பேர்" என்பார்கள். 1750 என்றே வைத்தாலும் அந்தச் சாப்பாடு எட்டுப் பேர். அக்கா விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் விருந்தினர் சமையற்காரர்களுக்கு நன்றி சொல்ல விரும்பினார். எங்களைக் குசினிக்கு அழைத்துச் சென்றார்கள். உள்ளே ஏழெட்டு ஆண்கள். அவர்கள் நடுவே ஒரு பெண் பிள்ளை, இனிப்பு வகைகள் செய்யும் மேசையில் நின்றாள். தோட்டத்துப் பிள்ளை. அந்த ஐஸ்கிறீம் அவள் கை வேலை. பண்டாரவளை ஹோட்டல் பாடசாலையில் படித்தவள். அங்கே அனுப்புவதற்குத் தகப்பன் இரண்டு வருடம் சம்மதிக்கவில்லையாம். "இப்ப சம்பளம் ஒழுங்கா வருது. சேர்விஸ் சார்ஜும் வருது மிஸ். ஆனா அம்மா சொந்தக்காரங்ககிட்ட ஆபீஸ்ல வேலைன்னுதான் சொல்லுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

சிரித்துச் சொன்னாலும் அந்தச் சொல் என் மனதை விட்டு அகலவில்லை. இந்த மாதம் எழுத வந்த விடயமும் இதுதான்.

உணவகம் என்ற சொல்லின் கதை

பிரெஞ்சுச் சமையல் என்றால் அரண்மனைப் பெருமை, பணக்காரர் சங்கதி என்றே நாம் நினைக்கிறோம். அதன் வரலாற்றை வாசித்தால் வேறொரு படம் தெரிகிறது.

"ரெஸ்டோரன்ட்" என்ற சொல் பிரெஞ்சுச் சொல்லாகும். இழந்த பலத்தை மீட்டுத் தருவது என்பது அதன் பொருள். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் உடல் நலிந்தவர்களுக்காக விற்கப்பட்ட இறைச்சிச் சாற்றுக்கே முதலில் அந்தப் பெயர் இருந்தது. சாற்றை விற்ற கடைக்கும் பின்னர் அதே பெயர் வந்தது. நோயாளிக்கு இரசமும் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறியும் வைத்துக் கொடுத்த கைகளுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. 2009இல் கஞ்சிக்காக வரிசையில் நின்றவர்களுக்கும் ஒரு கோப்பைச் சாறு என்ன செய்யும் என்று தெரியும்.

நமது பேச்சில் உள்ள "குசினி" போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். பிரெஞ்சுக்காரர் சமையலைக் "குய்சீன்" என்கின்றனர். இரண்டுக்கும் மூலம் ஒரே இலத்தீன் சொல். "பாண்" என்பதும் அப்படியே. அதை அவர்கள் "பேன்" என்கின்றனர்.

ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகள் வருவதும் ஆதியில் பிரெஞ்சு வழக்கமல்ல. முன்பு அவர்களும் நம்மைப்போலப் பல கறிகளை ஒன்றாகவே மேசையில் பரப்பி வைத்தார்கள். வரிசையாகப் பரிமாறும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யாவிலிருந்து வந்தது. சாப்பாடு சூடாக வந்து சேரும் என்பதால் அது நிலைத்தது.

இன்றைய பெரிய ஹோட்டல்களின் குசினி ஒழுங்கை வகுத்தவர் ஒகுஸ்ட் எஸ்கோபியே (1846 - 1935). அவர் 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த யுத்தத்தில் இராணுவச் சமையற்காரராக இருந்தார். மெட்ஸ் நகரம் முற்றுகையிடப்பட்டு உணவு வரத்து நின்றபோது, குதிரை இறைச்சியைக்கூட உண்ணத்தக்கதாகச் சமைத்துக் கொடுத்தார். யுத்தம் முடிந்த பின்னர், ஒருவர் சாறு, ஒருவர் மீன், ஒருவர் இனிப்பு என்று இராணுவப் பிரிவு போல வேலையைப் பிரித்துக் குசினியை ஒழுங்குபடுத்தினார். மெனிக்பாம் முகாமில் ஒரு கிடாரத்தில் பல குடும்பங்களுக்குச் சமைத்த பெண்கள் இதை வாசித்தால், "விறகுக்கு ஒருவர், அரிசி களைய ஒருவர், பங்கிட ஒருவர் என்று நாங்களும் இப்படித்தானே செய்தோம்" என்பார்கள்.

லியோன் நகரத்து அம்மாமார்

அன்றிரவு அந்தப் பிரெஞ்சுப் பெண்மணி ஒரு பெயரைச் சொன்னார். யூஜெனி பிராஸியே. பின்னர் தேடி வாசித்தேன்.

1895இல் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பத்து வயதில் தாயை இழந்தார். பண்ணைகளில் பன்றி மேய்த்தார். பள்ளிக்கூடம் போனது கொஞ்சமே. முதலாம் உலக யுத்தம் தொடங்கிய 1914இல், மணமாகாத நிலையில் ஓர் ஆண் குழந்தைக்குத் தாயானார். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நமக்குத் தெரியாதா? குழந்தையைப் பிறர் பராமரிப்பில் விட்டுவிட்டு லியோன் நகருக்கு வீட்டு வேலைக்குப் போனார். அங்கே சமையல் பழகி, 1921இல் சிறிய சாப்பாட்டுக் கடை ஒன்றைத் தொடங்கினார். 1933இல் அவர் நடத்திய இரண்டு உணவகங்களுக்கும் மிஷெலின் வழிகாட்டி நூல் மூன்று மூன்று நட்சத்திரம் கொடுத்தது. உணவகத்துக்கு அந்நூல் தரும் அதி உயர் மதிப்பு அது. ஆறு நட்சத்திரம் பெற்ற முதல் ஆள் அவரே. ஆண்களிலும் அதற்கு முன் எவரும் பெற்றதில்லை. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற போல் பொக்கியூஸ் அவரது குசினியில் வேலை பழகியவர்.

பிராஸியே தனி ஒருவர் அல்லர். பணக்கார வீடுகளில் சமைத்த பெண்கள் பலர் லியோனில் சொந்தமாகக் கடை வைத்தார்கள். ஊரார் அவர்களை "மேர்", அதாவது "அம்மா" என்று அழைத்தார்கள். யுத்தத்தின் பின்னர் வட மாகாண விவசாயத் திணைக்களம் தொடங்கிய "அம்மாச்சி" உணவகங்களை நினைத்துப் பாருங்கள். அங்கே குரக்கன் பிட்டும் தோசையும் விற்கும் பெண்களும், லியோன் அம்மாமாரும் ஒரே வழியில் நடந்தவர்களே.

நம்மவரின் பெயரும் பிரெஞ்சு உணவில் ஏறிவிட்டது. பாரிஸ் உணவகங்களில் கோப்பை கழுவும் வேலையில் தொடங்கிச் சமையற்காரரான ஈழத்தமிழர் பலர். 2023இல் பாரிஸ் நகரின் சிறந்த பாணுக்கான போட்டியில் முதற்பரிசு பெற்றவர் தர்ஷன் செல்வராஜா என்ற இலங்கைத் தமிழர். பரிசின் ஒரு பகுதியாக ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் வழங்கும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது.

வெட்கம் எங்கிருந்து வருகிறது?

நான் சமூகவியல் படித்த காலத்தில் பியர் பூர்தியூ என்ற பிரெஞ்சு அறிஞரின் கருத்தைக் கற்பித்தார்கள். ஒருவருக்கு எது சுவையாகப்படுகிறது, எப்படிச் சாப்பிடுகிறார் என்பது அவர் வளர்ந்த சூழலில் பழகி வருவது என்றும், மேல் வகுப்பினர் அந்தப் பழக்கத்தையே மற்றவரைத் தள்ளி வைக்கும் வேலியாக்குகின்றனர் என்றும் அவர் 1979இல் எழுதினார். முள்ளுக்கரண்டிகளைக் கண்டு அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டது அந்த வேலியால்தான். வேலியைத் தாண்ட அந்தத் தம்பியின் இரண்டு வசனம் போதுமாக இருந்தது.

இன்னொரு வேலியை நாமே கட்டியிருக்கிறோம். வீட்டில் கூலியில்லாமல் சமைப்பவளை அன்னலட்சுமி என்கிறோம். அதே கையால் சம்பளத்துக்குச் சமைத்தால் "ஹோட்டல்காரி" என்று முகம் சுளிக்கிறோம். கணவனை யுத்தத்தில் இழந்து இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த சகோதரிகள் இந்தச் சொல்லின் சூட்டை அறிவார்கள். 1977, 1983 வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கும் இடம்பெயர்ந்து சமையல் வேலையால் குடும்பத்தைக் காப்பாற்றியவர்களும் அறிவார்கள். பெற்றோரின் பயம் முழுவதும் பொய்யென்று நான் சொல்லவில்லை. இரவு வேலை, போக்குவரத்து, தொந்தரவு எல்லாம் உண்மையான பிரச்சினைகள். அவற்றைக் கேள்வியாகக் கேட்டுப் பதில் பெற வேண்டும். பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதால் அவை தீராது.

வேலைக்குச் சேருமுன் கேட்க வேண்டியவை:

1. எழுத்தில் நியமனக் கடிதம் தருவார்களா?
2. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, முதலாளி 12 வீதம் சேர்க்கிறாரா? ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் அவர் கட்டுகிறாரா? இந்த 3 வீதத்தை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது.
3. சேவைக் கட்டணம் எப்படிப் பங்கிடப்படுகிறது? குசினியில் நிற்பவருக்கும் பங்கு உண்டா?
4. இரவு வேலை முடிந்தால் வீடு சேர வாகனம் உண்டா? தங்குமிடம் என்றால் பெண்களுக்குத் தனியாக உள்ளதா?
5. தொந்தரவு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது?

இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்தின் பாடசாலை பண்டாரவளையில் உள்ளது. சமையல், பாண் மற்றும் கேக் வகைகள், பரிமாறல் முதலியன அங்கு கற்பிக்கப்படுகின்றன. தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் விசாரிக்கலாம். பல வருடம் சமைத்த அனுபவம் உண்டு, சான்றிதழ் இல்லை என்பவர்களுக்கும் வழி உண்டு. முன்பு கற்றதை மதிப்பிட்டுத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் (என்.வி.கியூ.) வழங்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. வயது போய்விட்டது என்று ஒதுங்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

சகோதரிகளே, ஒரு சாப்பாட்டுக்கு எட்டு நாள் சம்பளம் என்பது நியாயமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. கொழுந்து பறிப்பவளின் கூலி உயர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அதேவேளை, அந்த மேசைக்குச் செலவிடப்படும் பணத்தில் ஒரு பங்கு நம் பிள்ளைகளின் கைக்கும் வர வேண்டும். அதற்குத் தொழில் தெரிந்த கையும், உரிமை தெரிந்த வாயும் வேண்டும்.

உங்கள் மகள் ஹோட்டலில் வேலை செய்கிறாளா? கேட்பவர்களிடம் "ஹோட்டலில் வேலை, இனிப்பு செய்கிறாள்" என்றே சொல்லுங்கள். என்ன இனிப்பு என்று அடுத்த கேள்வி கேட்பார்கள். அதற்கும் பதில் தெரிந்து வைத்திருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.