பகுதி இல்லாத பின்னம்

விடியுமுன் கம்பம், போடி, தேவாரம் ஆகிய ஊர்களிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறும் பெண் தொழிலாளர்கள், இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் உழைத்துவிட்டு மாலையில் வீடு திரும்புகின்றனர். மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் தேனி மாவட்டத்தினர்; பூச்சிக்கொல்லிக்கு ஆட்படுவதோ கேரளத்தில். பின்னத்தில் மேலே நிற்கும் தொகுதி நோயுற்றோர் எண்ணிக்கை என்றால், கீழே நிற்கும் பகுதி அந்நஞ்சுக்கு ஆட்பட்டோர் அனைவரின் எண்ணிக்கை. இங்கே தொகுதி ஒரு மாநிலத்திலும் பகுதி மற்றொன்றிலும் சிதறிக் கிடக்கின்றன. விகிதம் இல்லையேல் நோய் வெறும் புகாராகிவிடுகிறது. நிறுவனங்களுக்குத் தேவைப்படுவதும் அதுவே.

காசர்கோட்டின் அனுபவம் வேறு. முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வானிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்ட ஊரின் 117 சிறுவர்களை, தெளிக்கப்படாத ஊரின் 90 சிறுவர்களுடன் அகமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் ஒப்பிட்டது. பாதிக்கப்பட்ட ஊரில் பருவ வளர்ச்சி தாமதப்பட்டிருப்பதை 2003இல் வெளியான அவ்வாய்வு காட்டியது. அந்த 90 பேர் இல்லாமல் 117 பேரின் துயரம் சான்றாகியிருக்காது. மக்கள் போராட்டத்தோடு இத்தகைய சான்றுகளும் சேர்ந்தே 2011 மே 13இல் உச்சநீதிமன்றத்தின் தடைக்கு வழிவகுத்தன.

பாலக்காட்டு எல்லையிலுள்ள பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை 2000இல் தொடங்கி 2004இல் நின்றது. உயர்மட்டக் குழு 2010இல் மதிப்பிட்ட இழப்பு 216.26 கோடி ரூபாய். அதில் வேளாண் இழப்பு 84.16 கோடி என்று புள்ளி வைத்துக் கணக்கிடப்பட்டிருக்க, உடல்நலக் கேடு 30 கோடி என முழு எண்ணில் நிற்கிறது. தென்னைக்கும் நெல்லுக்கும் கணக்குண்டு. ஆதிவாசியின் உடலுக்கு உத்தேசம்தான்! ஆலை வருமுன்னரே அம்மக்களின் உடல்நிலை பதிவாகியிருந்தால் இந்நிலை வந்திராது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்காகக் கேரள சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைக்கவில்லை.

இக்கணக்கை எழுதப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம் 1997 முதல் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. சென்னையில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் உள்ளது. ஆனால் தோட்டத் தொழிலாளியின் மகள் அங்கே ஆய்வு மாணவியாவது எவ்வாறு? மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தகுதி பெறாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு வழங்கப்பட்ட மாதம் 8,000 ரூபாயையும் 2015இல் நிறுத்த முனைந்தது ஒன்றிய ஆட்சி; மாணவர்கள் யுஜிசி வாயிலில் போராடித்தான் அதைக் காத்தனர்.

கேரளமும் தமிழகமும் இணைந்து, முழு உதவித்தொகையுடன், சுற்றுச்சூழல் நலவாழ்வுப் புள்ளியியலில் ஆய்வுப் பயிற்சி தொடங்க வேண்டும். அயல்நாட்டுத் தரவுகளைக் கணினியில் புரட்டுவதோடு அது நின்றுவிடலாகாது. எல்லை கடக்கும் தொழிலாளர் பெயரேட்டைத் தொழிற்சங்கங்களின் துணையோடு தயாரிப்பதே மாணவரின் முதல் பாடமாகட்டும். தெளிப்புப் பருவத்திற்கு முன்னும் பின்னும் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைச் சோதித்து, முடிவை அத்தொழிலாளிக்கே தமிழில் எழுதித் தரவேண்டும்.