டிப்ளமா படிப்பும் கூலிக்காரன் கணக்கும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால், கடலூர் ஆலைத் தொழிலாளி வீட்டிலும் சிதம்பரம் வட்டாரத்து விவசாயத் தொழிலாளி வீட்டிலும் ஒரே கேள்விதான் எழுகிறது. பிள்ளையைத் தொழில் படிப்பில் சேர்ப்பதா? சேர்த்தால் போட்ட காசு திரும்புமா? கல்வியைக் காசால் அளக்கலாமா என்று முகம் சுளிக்கும் கனவான்கள் உண்டு. அளக்காமல் இருக்க அவர்களுக்கு வசதி இருக்கிறது. தினக் கூலியில் பிழைப்பவனோ அளந்துதான் தீரவேண்டும். ஆகவே நாமும் அளந்து பார்ப்போம்.

செலவு என்றதும் எல்லோரும் கட்டணத்தைத்தான் பார்க்கிறார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து மேலே போகும் பெண்களுக்கு 2022 முதலும், பையன்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் வந்திருக்கின்றன. இவை இனாம் அல்ல, நம் வரிப்பணம். கூசாமல் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் பெரிய செலவு கட்டணத்தில் இல்லை. மூன்று வருஷம் பிள்ளை கொண்டுவராத கூலிதான் அந்தச் செலவு. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ல் வைத்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். மாதம் 20 நாள் வேலை என்றால் மூன்று வருஷத்தில் 2,41,920 ரூபாய். வயலில் ஏது 20 நாள் வேலை என்பீர்கள். சரி, பாதியாகவே வையுங்கள். அப்போதும் 1,20,960 ரூபாய் ஆகிறது. ஆயிரம் ரூபாய்த் திட்டம் மூன்று வருஷத்தில் தருவது 36,000. மிச்சம் முழுவதும் தாய் தகப்பன் வயிற்றிலிருந்து போகிறது. இதற்கு மேல் தனியார் கல்லூரிக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டினால் கணக்கு எங்கே நிற்கும்?

கட்டணம் என்பது மாற்ற முடியாத விதியும் அல்ல. அண்ணாமலை நகரிலேயே நடந்ததைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தை 2013ல் சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகும் அதன் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5.44 லட்சமாகவே இருந்தது. 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2021ல் கல்லூரி அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. கட்டணம் 13,610 ரூபாயாக இறங்கிற்று.

இனி வரவு. டிப்ளமா வாங்கிய பிள்ளை ஆலை வாசலுக்குப் போனால் முதலில் கிடைப்பது வேலை அல்ல, அப்ரண்டிஸ் பயிற்சி. 1961ஆம் வருஷச் சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளியே அல்ல, பயிற்சி பெறுபவன். டிப்ளமாக்காரனுக்குக் குறைந்தபட்சம் மாதம் 8,000 ரூபாய் என்று 2019ல் வைத்தார்கள். அதை 36 சதவிகிதம் கூட்டலாம் என்ற சிபாரிசு 2025 மே மாதத்தில்தான் வந்தது. 8,000ஐ 26 நாளுக்கு வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 308 ரூபாய்கூட இல்லை! மண் வெட்டும் கூலிக்கும் கீழே.

பயிற்சி முடிந்த பிறகாவது? மற்றத் தகுதிகள் சமமானால் பயிற்சி முடித்தவனுக்கே முன்னுரிமை என்று சுப்ரீம் கோர்ட் 1995ல் ஒரு போக்குவரத்துக் கழக வழக்கில் தீர்ப்புச் சொல்லிற்று. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் நேரடியாக ஆள் எடுப்பதையே குறைத்துக் காண்டிராக்டர் மூலம் ஆள் பிடிக்கும்போது முன்னுரிமையை எந்த வாசலில் போய்க் கேட்பது? நெய்வேலியில் அப்ரண்டிஸ் முடித்தவர்கள் வேலை கேட்டுப் பலமுறை போராடியிருக்கிறார்கள். கடலூரில் வருவதாயிருந்த நாகார்ஜுனா எண்ணெய் ஆலை 2011 டிசம்பர் தானே புயலில் அடிபட்டு, உற்பத்தி தொடங்காமலே திவாலாயிற்று. அதை நம்பிப் படித்தவர்களுக்கு யார் பதில் சொன்னார்கள்?

அப்படியானால் படிப்பு வேண்டாமா? அப்படிச் சொல்கிறவன் பண்ணையாருக்கு வேலைசெய்கிறவன். நிலமற்றவன் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில், 1916ல், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். அன்று திறந்த கதவை நாமே சாத்துவதா? நம் கருத்து இது: கடன் வாங்கித் தனியாரிடம் சேர்க்காதீர்கள். அரசு இடத்துக்கு முதலில் மனுப் போடுங்கள். கை இறுக்கமானால் இரண்டு வருஷ ஐ.டி.ஐ.யில் தொடங்கலாம், அதை முடித்தவன் டிப்ளமாவில் நேராக இரண்டாம் வருஷம் சேர வழி இருக்கிறது, டிப்ளமாவிலிருந்து எஞ்சினீயரிங் இரண்டாம் வருஷத்துக்கும் அப்படியே. பெண் பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். கல்யாணச் செலவோடு அதைப் போட்டுக் குழப்பாதீர்கள்.

சங்கங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2014ல் திருத்திய அப்ரண்டிஸ் சட்டம், பயிற்சி முடித்தவர்களை எப்படி வேலைக்கு எடுப்பது என்று ஒவ்வொரு முதலாளியும் தமக்கென ஒரு கொள்கை வகுக்கவேண்டும் என்கிறது. கடலூர் சிப்காட்டில் சங்கம் உள்ள ஒவ்வொரு ஆலையிலும் அந்தக் கொள்கையை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். சென்ற மூன்று வருஷத்தில் பயிற்சி முடித்தவர் எத்தனை, நிரந்தரமானவர் எத்தனை, அதே இயந்திரத்தில் காண்டிராக்ட் ஆளாக நிற்பவர் எத்தனை என்ற கணக்கையும் கேட்டுச் சங்கப் பலகையில் எழுதிப் போடட்டும். அடுத்த பத்தாம் வகுப்பு முடிவுக்கு முன்னால் எழுதிப் போட்டால், எந்த டிரேடில் பிள்ளையைச் சேர்ப்பது என்று திகைக்கும் தகப்பனுக்கு உபயோகப்படும்.