குற்றவாளி மிதிவண்டியா?



பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு குரல் அடிக்கடி ஒலிக்கின்றது. 'பிக்ஸி' என்று பிள்ளைகள் அழைக்கும் ஒற்றைக் கியர் மிதிவண்டிகளைப் பள்ளி வளாகத்திற்குள் விடவே கூடாது என்பதே அந்தக் குரல். காரணம் கேட்டால், "அது லாஜாக் பையன்கள் ஓட்டும் வண்டி ஐயா" என்ற ஒரே பதில் வருகின்றது. அதற்குமேல் ஆராய்ச்சி இல்லை, ஆதாரம் இல்லை. தலைகள் அசைகின்றன, தீர்மானம் நிறைவேறுகின்றது!

அந்தத் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன். பிள்ளைகளின் உயிர் எனக்குப் பொருட்டில்லை என்பதனால் அன்று. அந்தத் தடையால் ஓர் உயிரும் காப்பாற்றப்படப் போவதில்லை என்பதனாலேயே எதிர்க்கிறேன். பள்ளி வாசலில் நாம் மறித்த வண்டி, மாலையில் தாமான் சாலையில் நம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மூன்றும் ஒன்றல்ல

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். நாம் ஒரே கூடையில் போட்டு ஏசுபவை மூன்று வெவ்வேறு வண்டிகள்.

1. ஒற்றைக் கியர் வண்டி: முன்னே ஒரு பற்சக்கரம், பின்னே ஒரு பற்சக்கரம், இடையே ஒரு சங்கிலி. பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் இருப்பதால், மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி உருளும். நம் தாத்தாக்கள் ஓட்டியது இதைத்தான்.

2. நிலைக்கியர் வண்டி: உண்மையான 'பிக்ஸி' இதுவே. இதில் ஃப்ரீவீல் கிடையாது. பின்பற்சக்கரம் சக்கரத்தின் குடத்தோடு இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும்வரை மிதிகட்டையும் சுழலும். காலும் சுழன்றே ஆக வேண்டும். சும்மா உட்கார்ந்து உருள்வதற்கு இதில் வழியில்லை.

3. லாஜாக் வண்டி: இது தொழிற்சாலையில் பிறந்த வகையே அன்று. சாதாரணச் சிறுவர் வண்டியின் இருக்கையைத் தாழ்த்தி, கைப்பிடியைக் குறுக்கி, பிரேக்குகளைக் கழற்றி எறிந்து, வயிற்றில் படுத்தவாறு சரிவில் பாய்வதற்காக மாற்றியமைக்கப்படுவது.

2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருவில் எட்டு இளம் பிள்ளைகள் மகிழுந்து மோதி உயிரிழந்த துயரத்தை இந்த நாடு மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அவர்கள் ஓட்டியவை லாஜாக் வண்டிகள். அந்தத் துயரத்தை நினைக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் பல. அந்த நேரத்தில் பிள்ளைகள் ஏன் சாலையில் இருந்தனர்? அவர்கள் விளையாட வேறு இடம் இருந்ததா? பிரேக்கைக் கழற்றியபோது யாருமே கவனிக்கவில்லையா? இக்கேள்விகள் கடினமானவை. 'வண்டியில் எத்தனை கியர்?' என்ற கேள்வியோ எளிது. எளிய கேள்வியைக் கேட்டுவிட்டுக் கடமை முடிந்ததென்று வீட்டுக்குப் போவதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

அண்டை நாடு என்ன செய்தது என்று பாருங்கள். சிங்கப்பூரில் பிரேக் இல்லாத நிலைக்கியர் வண்டிகள் இளையரிடையே பரவியபோது, அரசு அந்த வண்டிகளை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யவில்லை. மிதிவண்டி எதுவாயினும் குறைந்தது ஒரு கைப்பிரேக் இருந்தாக வேண்டும் என்று 2021 செப்டம்பர் 1 முதல் விதித்தது. நோய் எதுவோ அதற்கு மருந்து. பிரித்தானியச் சட்டமும் ஏறத்தாழ இப்படியே பேசுகின்றது: நிலைக்கியர் ஒரு தடுப்பாகவே கணக்கில் கொள்ளப்படும், ஆனால், முன்சக்கரத்திற்குத் தனியாக ஒரு பிரேக் கட்டாயம்.

பிள்ளைகள் ஏன் மயங்குகிறார்கள்?

"எல்லாம் பகட்டு!" என்று சொல்லிவிடலாம். வண்ண வண்ணச் சக்கரங்களைப் பார்த்தால் பகட்டு இல்லை என்று நானும் வாதாட மாட்டேன். ஆனால், வண்ணத்திற்காக வாங்கிய பொருள் மூன்று மாதத்தில் சலித்துப்போகும். இந்த வண்டியை ஆண்டுக்கணக்கில் துடைத்துத் துடைத்து ஓட்டும் பிள்ளைகளும் இருக்கிறார்களே, அது எதனால்?

ஒன்று, நேரடித் தொடர்பு. நிலைக்கியரில் காலின் ஒவ்வோர் அசைவும் சக்கரத்தின் அசைவாகின்றது. மெல்ல மிதித்தால் வண்டி மெல்லப் போகும். காலால் எதிர்த்து அழுத்தினால் வேகம் குறையும். வண்டியின் வேகத்தை ஓட்டுபவன் தன் தொடையிலேயே உணர்கிறான். விரல் நுனியால் திரையைத் தேய்த்தே வளரும் தலைமுறைக்கு, தன் உடம்பின் உழைப்பு அப்படியே ஓட்டமாக மாறுவது எவ்வளவு பெரிய அனுபவம்!

இரண்டு, எளிமை. கியர் மாற்றி இல்லை, அதற்கான கம்பி இல்லை, நெம்புகோல் இல்லை. கெடுவதற்குப் பொருள் குறைவு. சங்கிலி ஒரே நேர்கோட்டில் ஓடுவதால் சத்தமும் குறைவு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு திருகுச்சாவியை வைத்துக்கொண்டு தன் வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றி, டியூப்பை ஒட்டி, சங்கிலியின் தொய்வைச் சரிசெய்து மீண்டும் பூட்டக் கற்றுக்கொள்ளலாம். நம் வீடுகளில் உள்ள பொருள்களில் ஒரு பிள்ளை முழுமையாகப் புரிந்துகொண்டு பழுதுபார்க்கக் கூடியவை எத்தனை? எண்ணிப் பாருங்கள்.

மூன்று, எல்லை. ஏற்றம் வந்தால் எழுந்து நின்று மிதிக்க வேண்டும். முடியாவிட்டால் இறங்கித் தள்ள வேண்டும். இலேசான கியருக்கு மாறித் தப்பிக்க முடியாது. சென்ற மாதம் தள்ளிக்கொண்டு ஏறிய மேட்டை இந்த மாதம் மிதித்தே ஏறியவனுக்கு நாம் தன்முனைப்புப் பட்டறை நடத்த வேண்டிய தேவையே இல்லை.

இது நேற்று வந்த கேடு அன்று

நம் தோட்டப்புறங்களில் ஓடிய கனத்த கறுப்பு மிதிவண்டிகளுக்கு எத்தனை கியர் இருந்தன? ஒன்றே ஒன்று! அந்த ஒற்றைக் கியரில்தான் செம்மண் சாலையில் பால் வாளிகளும் அரிசி மூட்டைகளும் ஏறின. பிள்ளைகள் பின்னால் அமர்ந்து பள்ளிக்கும் வந்தனர். ஆனால் அந்த வண்டிகளுக்குக் கம்பிப் பிரேக் இருந்தது என்பதை மறவாதீர்.

1903-இல் தொடங்கிய பிரான்சுச் சுற்று மிதிவண்டிப் பந்தயத்தில் இன்றைய வகைக் கியர் மாற்றிகள் 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டன. அதுவரை, மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டே வீரர்கள் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தனர்.

நம் நாட்டுப் பெருமைக்கு வருவோம். திரெங்கானு, டுங்குனில் பிறந்த அசிசுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் கெய்ரின் போட்டியில் வெண்கலம் வென்றார். 2017-இல் ஹாங்காங்கில் உலக வெற்றியாளரானார். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். அவர் ஓட்டியது நிலைக்கியர் வண்டிதான். தொலைக்காட்சி முன் அமர்ந்து அவருக்குக் கைதட்டிவிட்டு, மறுநாள் அதே வகை வண்டியோடு வரும் மாணவனைக் காலி என்று முத்திரை குத்துவது எந்த வகை நியாயம்?

பிள்ளைகளுக்கும் ஒரு சொல்

இங்கே பிள்ளைகள் உடனே எதிர்க்கேள்வி போடுவார்கள். "ஐயா, அசிசுலின் வண்டியில் பிரேக் இல்லையே! எனக்கு மட்டும் எதற்கு?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லத் தெரியாத ஆசிரியர், தடை விதிக்கும் தகுதியையும் இழக்கிறார். பதில் இதுதான்: ஓடுதளத்தில் அனைவரும் ஒரே திசையில் ஓடுகின்றனர். அங்கே சந்திப்பு இல்லை, சமிக்ஞை விளக்கு இல்லை, வாசலிலிருந்து பின்னோக்கி வரும் மகிழுந்து இல்லை, குறுக்கே ஓடும் பூனை இல்லை. நெருக்கமாகச் செல்லும் கூட்டத்தில் ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர்கள் எல்லாரும் விழுவார்கள். ஆகவே, அங்கே பிரேக் இல்லாமையே பாதுகாப்பு. சாலையில் நிலைமை நேர்மாறு. இங்கே திடீரென்று நிற்கத் தெரிந்தவனே வீடு திரும்புவான்.

"காலாலேயே நிறுத்துவேன்" என்பது அடுத்த வாதம். நிறுத்தலாம், ஆனால் எவ்வளவு தூரத்தில்? வேகத்தைக் குறைக்கும்போது ஓட்டுபவனின் எடை முன்சக்கரத்தின்மேல் சாய்கின்றது. பின்சக்கரம் தரையைப் பற்றும் வலிமையை இழந்து வழுக்குகின்றது. காலால் தடுப்பது பின்சக்கரத்தை மட்டுமே. எனவே, நல்ல முன்பிரேக் பிடிக்கும் தூரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தூரம் தேவைப்படும். மழை நாளில் இன்னும் மோசம். சங்கிலி கழன்றுவிட்டாலோ, அந்தக் கால் தடுப்பும் இல்லை! பிரேக் பூட்டினால் வண்டியின் அழகு கெடும் என்பவனிடம் நான் சொல்வது: முன்சக்கரத்தில் ஒரே ஒரு பிரேக், ஒரே ஒரு கம்பி. அவ்வளவுதான். அதுகூடக் கெடுத்துவிடும் அழகு ஓர் அழகா?

பெற்றோரே, ஒரு கணக்கு

"இருபத்தொரு கியர் வண்டி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்" என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோர் உண்டு. அந்த இருபத்தொன்றில் பிள்ளை எத்தனையைப் பயன்படுத்துகிறது என்று கேட்டதுண்டா? கேமரன் மலைக்கு ஏறுவதானால் கியர் வேண்டும், மறுக்கவில்லை. சமதளத் தாமானிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கு?

கணக்கிட்டே பார்ப்போம். முன்னே 44 பல், பின்னே 16 பல். 44-ஐ 16-ஆல் வகுத்தால் 2.75. மிதிகட்டை ஒருமுறை சுற்றினால் சக்கரம் 2.75 முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். ஆக, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.8 மீட்டர். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 21 கிலோமீட்டர். இரண்டு கிலோமீட்டர் தூரத்தை ஏறத்தாழ 350 சுற்றில், ஆறு நிமிடத்தில் கடக்கலாம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அதே கணக்கு எச்சரிக்கையும் செய்கின்றது. சரிவில் வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரை எட்டினால், நிலைக்கியரில் கால் நிமிடத்திற்கு 115 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். பழகாத கால் மிதிகட்டையிலிருந்து நழுவும். பிரேக் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் உண்டா?

கணித ஆசிரியர்களே, இன்னொன்றும் உண்டு. காலால் சக்கரத்தைப் பூட்டி வழுக்கிச் செல்லும் விளையாட்டில், டயர் எத்தனை இடங்களில் தேயும் என்பதைப் பின்னச் சுருக்கமே சொல்லிவிடும். எப்போதும் ஒரே காலை முன்வைத்துப் பூட்டினால், 48/16 சுருங்கி 3/1 ஆகின்றது. டயர் ஒரே இடத்தில் தேய்ந்து விரைவில் கிழியும். 44/16 என்பது 11/4, நான்கு இடங்கள். 47/17 சுருங்காது, பதினேழு இடங்கள். பின்னத்தை ஏன் சுருக்க வேண்டும் என்று கேட்கும் ஆறாம் ஆண்டு மாணவனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்!

என்ன செய்யலாம்?

தடைக்குப் பதிலாக என் பரிந்துரைகள் இவை:

1. பள்ளி வாசலில் கியரை எண்ணாதீர். பிரேக்கை அழுத்திப் பாருங்கள். பிரேக் இல்லாத வண்டி எதுவாயினும், எத்தனை கியர் இருந்தாலும், உள்ளே வரக் கூடாது. பெற்றோரை அழைத்துப் பேசிய பிறகே வண்டியைத் திருப்பித் தர வேண்டும்.

2. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ரீவீலும் இரண்டு பிரேக்கும் உள்ள ஒற்றைக் கியர் வண்டியே போதும். நிலைக்கியர் ஆசை இடைநிலைப்பள்ளி வயதுவரை காத்திருக்கட்டும். ஒருபுறம் நிலைக்கியரும் மறுபுறம் ஃப்ரீவீலும் பொருத்தக்கூடிய பின்சக்கரங்கள் கடைகளில் உண்டு. இன்று ஒருபுறம், நான்கு ஆண்டு கழித்து மறுபுறம். புது வண்டி வாங்கத் தேவையில்லை.

3. நிலைக்கியர் வண்டியின் சங்கிலியைச் சக்கரம் சுழலும்போது துணியால் துடைக்கவே கூடாது. விரல் சிக்கினால் சங்கிலி நிற்காது. விரலைப் பற்சக்கரத்திற்குள் இழுத்துவிடும். காலணிக் கயிற்றையும் காற்சட்டை நுனியையும் கட்டிக்கொள்ளப் பழக்குங்கள்.

4. புறப்பாட நடவடிக்கையில் ஒரு மணி நேரத்தை மிதிவண்டிப் பழுதுபார்ப்புக்கு ஒதுக்குங்கள். பட்டறை வைத்திருக்கும் பெற்றோர் எவரேனும் ஒருவர் நிச்சயம் உதவ முன்வருவார்.

5. கடைக்காரர்களே, பள்ளிச் சீருடையில் வரும் பிள்ளை "பிரேக்கைக் கழற்றிக் கொடுங்கள்" என்றால் முடியாது என்று சொல்லுங்கள். நீங்கள் பெறும் ஐந்து பத்து ரிங்கிட் கூலியைவிட அந்தக் கம்பி விலை உயர்ந்தது.

தன் காலை நம்பி, தன் கையால் பழுதுபார்த்து, தன் எல்லையைத் தானே உணர்ந்து முன்னேறும் பிள்ளையைத்தானே நாம் உருவாக்க விரும்புகிறோம்? அந்தப் பயிற்சியைத் தர வல்ல பொருளைப் பிடுங்கி வைத்துவிட்டு, அதே பண்புகளைப் பற்றி வகுப்பறையில் கட்டுரை எழுதச் சொல்கிறோமே, இது முறையா?

வண்டியை விட்டுவிடுங்கள், பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்!