பூட்டு இருக்கு, ஆசாரி இல்லை!

திண்டுக்கல்லிலிருந்து அக்கா மகன் போன்.

"மாமா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அடிக்கணும். லேப்டாப்ல ஆபீஸ் 2016தான் இருக்கு. புதுசு வாங்கணுமாம். அப்பாகிட்ட கேட்டா உதைப்பாரு. நீங்க..."

சம்பளம் வாங்குகிற மாமன் என்றால் ஏ.டி.எம். என்று நினைப்பு!

"இப்ப ஃபைல் திறக்குதாடா?"

"திறக்குது."

திறக்கும். ஆனால் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கைவிரித்துவிட்டது. திண்டுக்கல்காரனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பூட்டு இருக்கு. பழுது பார்க்க ஆசாரி இல்லை. கண்டவன் அனுப்பும் ஃபைலை அதில் திறப்பது வம்பு.

"அப்ப வாங்கிடலாமா?"

"அவசரப்படாதே. காலேஜ்ல கொடுத்த மெயில் ஐ.டி.யை மைக்ரோசாஃப்ட் கல்விப் பக்கத்துல போட்டுப் பாரு. காலேஜ் பதிவு பண்ணியிருந்தா வேர்டு, எக்செல் ஆன்லைன்ல இலவசம். இல்லேன்னா லிப்ரே ஆபீஸ், அதுவும் இலவசம்தான். பக்கம் கொஞ்சம் கலையும், பிரிண்டுக்கு பி.டி.எஃப். ஆக்கிடு. எதுவானாலும் இப்பவே மாத்து, கடைசி வாரத்துல கை வைக்காதே."

அனுபவம் சார்! 2008-ல் ஆபீஸ் 2007-ல் அடித்த ப்ராஜெக்ட்டோடு, கடைசி நாள், பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரிண்ட் கடையில் நின்றேன். அங்கே இருந்ததோ 2003. என் ஃபைல் திறக்கவே இல்லை. ராத்திரி முழுக்க மறுபடி டைப் அடித்தேன்.

மறுமுனையில் மௌனம்.

"என்னடா?"

"மெயில் பாஸ்வேர்டு மறந்துபோச்சு, மாமா."