மூடிய பையில் பழைய காசு

"பழைய நாணயங்கள் ஒரு கிலோ. உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. அதிர்ஷ்டம் இருந்தால் வெள்ளி ரூபாய்!"

இந்த மாதிரி விளம்பரம் இப்போது போனைத் திறந்தாலே வருகிறது. மிஸ்டரி லாட், மிஸ்டரி பாக்ஸ், பிரிக்காத மூட்டை என்று பல பெயர்கள். எங்கள் கல்லூரியிலேயே நாலைந்து பேர் வாங்கியிருக்கிறார்கள். நானும் நாணயம் சேர்ப்பவன் என்பதால் "வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரு பதிவாகப் போட்டு விடலாம் என்று தோன்றியது.

வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த "எங்களுக்கே தெரியாது" என்ற வரியைப் பாருங்கள். முழு வியாபாரமும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. காசு வியாபாரம் செய்பவர் கையில் ஒரு மூட்டை கிடைத்தால் அன்று ராத்திரியே உட்கார்ந்து பிரித்து விடுவார். வெள்ளி தனி. அரிதான வருடம், அரிதான முத்திரை தனி. நினைவு நாணயங்கள் தனி. இதெல்லாம் போய், யாருமே கேட்காத மிச்சம் இருக்கிறதே, அதுதான் ஒரு கிலோ பையில் ஏறுகிறது.

சின்னதாக ஒரு கணக்கு. விக்டோரியா காலத்து ஒரு ரூபாய் 11.66 கிராம் எடை. அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, அதாவது கிட்டத்தட்ட 10.7 கிராம் சுத்த வெள்ளி. இன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள். நாணயம் என்ற மதிப்பை விடுங்கள், உருக்குகிற விலையே என்ன வருகிறது? அதைக் கண்ணால் பார்க்காமல், எடை போடாமல், யாரோ ஒருவருக்கு மூடிய பையில் போட்டு அனுப்ப தி.நகரில் எந்த வியாபாரிக்கு மனசு வரும்?

பி.காம். படிப்பவர்களுக்கு அக்கர்லாஃப் பெயர் தெரிந்திருக்கும். பழைய கார் சந்தையைப் பற்றி 1970-ல் அவர் எழுதிய கட்டுரை ரொம்பப் பிரபலம். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். விற்பவருக்குச் சரக்கு தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால் நல்ல சரக்கு சந்தையை விட்டுப் போய் விடும், மட்டமானதுதான் மிஞ்சும் என்றார். ஆனால் அந்தக் கார் சந்தையில் வாங்குபவர் சந்தேகப்பட்டு விலையைக் குறைத்துக் கேட்பார். மிஸ்டரி லாட்டில் அதுவும் நடப்பதில்லை. தெரியாது என்பதற்காகவே கூடக் காசு கொடுக்கிறோம்! அக்கர்லாஃப் நம்ம ஊர் ஆட்களைப் பார்த்திருந்தால் இன்னொரு கட்டுரை எழுதியிருப்பார் :-)

பெட்டிக்கடைப் பரிசு அட்டை ஞாபகம் இருக்கிறதா? ஐம்பது காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால் பலூனோ மிட்டாயோ கிடைக்கும். பெரிய பரிசு மட்டும் கடைசி வரை மேலே தொங்கிக் கொண்டே இருக்கும். அந்தச் சீட்டைக் கடைக்காரர் முதலிலேயே எடுத்து வைத்து விடுவார் என்று எங்கள் மயிலாப்பூர் தெருவில் ஆறாவது படிக்கும் பையனுக்கே தெரியும். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியையே தடை செய்தார்கள். என்னைக் கேட்டால் லாட்டரி கூட இதை விடக் கொஞ்சம் நேர்மை. பரிசு எத்தனை, எவ்வளவு என்று சீட்டிலேயே அச்சடித்திருக்கும். இங்கே எத்தனை பையில் ஒன்றில் வெள்ளி இருக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. ஒரு பையிலாவது இருக்கிறதா என்று கூடத் தெரியாது.

அடையாறில் இருக்கும் என் வகுப்புத் தோழன் ஒரு கிலோ பை வாங்கினான். விலை 1,200 ரூபாய். ஹாலில் பேப்பர் விரித்துக் கொட்டிப் பிரித்தோம். முக்கால்வாசி 25 பைசா ஸ்டீல் காசு. மீதி 10 பைசா, அலுமினியம் 5 பைசா, கொஞ்சம் நேபாளக் காசு. 25 பைசா ஸ்டீல் ஒன்று 2.83 கிராம். ஒரு கிலோ முழுக்க அதுவே என்றாலும் சுமார் 353 காசு, முகமதிப்பு 88 ரூபாய். அதுவும் செல்லாது. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-உடன் முடிந்து போயின. அவன் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இதுக்கா ஆயிரத்து இருநூறு? என்கிட்ட கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே" என்று பூஜை அறையிலிருந்து ஒரு பாட்டில் நிறைய அதே காசைக் கொண்டு வந்தார்!

அந்தப் பையில் ஒரே ஒரு "ஸ்பெஷல்" இருந்தது. பெரிய தட்டையான காசு. ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணன், அனுமன். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, ஒரு அணா. நண்பன் குதித்தான். ஆனால் கம்பெனி இப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. இது பிற்காலத்தில் யாரோ செய்து விற்கும் கற்பனைச் சரக்கு. இந்தியா முழுக்க இப்படி மூட்டை மூட்டையாக இருக்கிறது. நம்புவதற்கு ஒரு காரணமும் உண்டு. கம்பெனி நம்ம சென்னையில் வெளியிட்ட தங்க வராகன்களில் சாமி உருவம் நிஜமாகவே இருந்தது. மூன்று சாமி வராகன் என்றே ஒன்று உண்டு. ஆனால் அது மூன்றரை கிராம் கூட இல்லாத குட்டித் தங்கக் காசு. இந்த ராமர் காசைத்தான் அரிசியை இழுக்கும் சக்தி இருக்கிறது என்று சொல்லி சிலர் லட்சக்கணக்கில் ஏமாற்றுகிறார்கள். இரிடியக் கலசம் கதை மாதிரிதான்.

சரி, திருப்பி அனுப்பலாமே என்பீர்கள். இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தில் 15-வது பிரிவு என்று ஒன்றைப் படித்திருக்கிறோம். விவரம் சொல்லி விற்றால் சரக்கு அந்த விவரத்தோடு ஒத்துப் போக வேண்டும். 2020-ல் வந்த மின் வணிக விதிகளும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. எல்லாம் சரி, ஆனால் மிஸ்டரி லாட்டில் விவரமே இல்லையே! "கலவை நாணயம்னுதானே போட்டிருக்கோம், கலவைதானே வந்திருக்கு" என்று என் நண்பனுக்குப் பதில் வந்தது. உங்கள் புகாரை முன்கூட்டியே வெட்டி வைப்பதற்குத்தான் மிஸ்டரி என்ற வார்த்தை. "வெள்ளி நிச்சயம்" என்று எங்காவது எழுதியிருந்தால் மட்டும் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக் கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போங்கள்.

வாங்கி ஏமாந்தவரைப் பிடிக்க இன்னொரு கூட்டமும் காத்திருக்கிறது. வைஷ்ணவி தேவி படம் போட்ட 2012-ம் வருட 5 ரூபாய், 10 ரூபாய் காசுக்கு லட்சம் தருகிறோம் என்பார்கள். பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி. என்று முதலில் உங்களிடம் வாங்குவார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டே இதைச் செய்ததால், தாங்கள் இப்படி எதுவும் வாங்குவதுமில்லை, கமிஷன் கேட்பதுமில்லை, யாருக்கும் அனுமதி கொடுக்கவுமில்லை என்று 2021 ஆகஸ்டில் வங்கியே அறிக்கை விட்டது. பணம் போய் விட்டால் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள்.

"அப்படியானால் மூட்டையில் புதையல் கிடைத்ததே இல்லையா?" என்று ஒரு ஜூனியர் கேட்டான். கிடைத்திருக்கிறது. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்து எடுத்த செப்புக் காசுகள் வியாபாரிகளிடம் வரும். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி (2021-ல் காலமானார்) இப்படி வியாபாரிகளிடம் வந்த காசுகளைத் தேடித் தேடிப் பார்த்தவர். பெருவழுதி என்ற பெயர் தமிழ் பிராமியில் பொறித்த சங்ககாலப் பாண்டியர் காசை அடையாளம் கண்டு சொன்னவர். ஆனால் கவனியுங்கள், அங்கே விற்றவருக்குத் தெரியாது, வாங்கியவருக்குத் தெரியும். நம்ம ஆன்லைன் பையில் அப்படியே தலைகீழ்!

மண் ஒட்டிய பழங்காசு என்று விற்கும் லாட்டுகளிலிருந்து இன்னும் தள்ளியே இருங்கள். நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டத்தில் வருகிறது. அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்பக் கூடாது. மண்ணில் கிடைத்த புதையல் என்றால் 1878-ம் வருடச் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். சட்டத்தை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. ஒரு பானைக் காசு எந்த ஊரில், எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்பதில்தான் வரலாறே இருக்கிறது. அதைப் பத்து ஊர்க் காசோடு கலந்து கிலோ கணக்கில் பை போட்டால், அப்புறம் யாராலும் அதைப் படிக்க முடியாது.

தம்பி தங்கைகளுக்கு விளையாட்டாக நூறு ரூபாய்க்கு வெளிநாட்டுக் காசுப் பொட்டலம் வாங்கித் தருவதை நான் சொல்லவில்லை. அது வேறு.

ஆரம்பிப்பவர்கள் சில்லறையிலிருந்தே ஆரம்பியுங்கள். லஸ் கார்னரில் ஜூஸ் குடித்துவிட்டு வாங்கும் மீதிக் காசில் வருடத்துக்குக் கீழே பாருங்கள். வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, எதுவுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. தமிழில் அண்ணாவின் கையெழுத்தோடு 2009-ல் வந்த 5 ரூபாய் இன்னும் செல்லும் காசுதான். பழையதைப் பார்க்க வேண்டுமா, எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை.