முன்சில்லு சொல்லும் செய்தி

சாவகச்சேரியிலிருந்து நாள்தோறும் கண்டி வீதி வழியே யாழ்ப்பாணம் சென்றுவரும் நம் அயல்வீட்டு இளைஞர், தமது மோட்டார் சைக்கிளின் முன் டயரை ஓராண்டில் இருமுறை மாற்றிவிட்டார். மூன்றாவதும் தேயத் தொடங்கவே, டயர் செய்தவர்களை நொந்தபடி நம்மிடம் வந்தார். பின்னிருக்கையில் அமர்ந்து பாடசாலைக்குச் செல்பவள் அவருடைய தங்கை. ஆதலின் இது பணவிரயம் மாத்திரமன்று.

டயரை உள்ளங்கையால் முன்னும் பின்னுமாகத் தடவிப் பார்த்தோம். ஒரு திசையில் வழுவழுப்பு. மறு திசையில் வாட்பல் போன்ற நெருடல். இடையிடையே சிறு குழிவுகளும் இருந்தன.

தேய்வின் கோலமே நோயின் குறியாகும். நடுப்பகுதி மாத்திரம் தேய்ந்தால் காற்று மிகுந்திருக்கலாம். வலப்பக்கம் சற்றே கூடுதலாகத் தேய்வது இயல்பு. இடப்பக்கமாக ஓடும் நம் நாட்டில் வலப்புறத் திருப்பங்களை வெளிவட்டமாகச் சுற்றவேண்டியுள்ளது அல்லவா? ஆனால், குழிவுகள் தோன்றினால் காற்றுக் குறைவு, சில்லின் சமநிலைக் கோளாறு, கைபிடித் தண்டின் பெயறிங் தளர்வு, முன்கவரின் சோர்வு ஆகியவற்றை ஐயுறல் வேண்டும்.

முதலிற் காற்றை அளந்தோம். ஓடிய டயர் சூடேறிப் பொய்க்கணக்குக் காட்டும். காலையில், வண்டியை எடுக்குமுன் அளப்பதே முறை. கைநூல் விதித்த அளவினும் குறைவாகவே இருந்தது. பின்னர் முன்சில்லை நிலத்தினின்று உயர்த்தி, கவரின் அடியைப் பற்றி முன்பின் அசைத்தோம். தட்டும் ஓசை எழவில்லை, பெயறிங் பழுதில்லை.

முன்பிரேக்கைப் பிடித்துக் கைபிடியை அழுத்தி விட்டபோதுதான் உண்மை புலப்பட்டது. ஒருமுறை எழுந்து அடங்கவேண்டிய வண்டி ஊஞ்சலாடிற்று. கவரின் பளபளத்த தண்டில் எண்ணெய்ப் படலமும் தெரிந்தது. அதிர்ச்சியைத் தாங்குவது விற்சுருள். துள்ளலை அடக்குவது உள்ளிருக்கும் எண்ணெய். 1935இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தனது ஆர் 12 வண்டியில் இம்முறையைப் புகுத்தியது. எண்ணெய் கசிந்தால் சில்லு துள்ளித் துள்ளி வீதியில் உராயும், டயர் குழிவிழும். அவ்வெண்ணெய் பிரேக் தட்டிற் படிந்தாலோ, வண்டி நில்லாது!

கராச்சில் சீல்களையும் எண்ணெயையும் மாற்றியபின், முன்கவரின் தாழ்வை அளந்தோம். சில்லை உயர்த்தி, தண்டின் வெளித்தெரியும் நீளத்தை ஒருமுறையும், ஓட்டுநர் அமர்ந்தபின் மறுமுறையும் அளக்கவேண்டும். வேறுபாடு மொத்த அசைவில் நாலில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை இருத்தல் நன்று. வீதி வண்டிகள் பலவற்றில் அது 30 முதல் 40 மில்லிமீற்றர். சிறு வண்டிகள் பலவற்றில் இதனைத் திருத்தும் திருகு இராது. அவற்றில் எண்ணெயையும் விற்சுருளையும் பேணுவதே வழி.

குழிவிழுந்த டயர் மீண்டும் சீராவதில்லை. அவர் நான்காவதையும் வாங்கவே நேர்ந்தது. அன்று அளவுநாடாவைப் பிடித்தவள் அத்தங்கையே. இப்போது ஞாயிறுதோறும் காலையில் டயரைத் தடவிப் பார்ப்பதும் அவள்தானாம்.