விண்வெளியின் பெயரால் ஒரு சுருட்டு



விண்வெளிப் பயணத்தைப் போற்றுவதாகக் கூறி, குறைந்த எண்ணிக்கையில் மட்டும் தயாரிக்கப்படும் உயர்விலைச் சுருட்டு ஒன்று வெளிநாட்டில் விற்பனைக்கு வந்துள்ளது. பெயரும் பெட்டியும் எத்துணை உயர்ந்தவையாயினும் உள்ளிருப்பது புகையிலையே.

நிலவு ஆய்வு நமக்கு அந்நியமன்று. சந்திரயான் கலங்களைச் சோதிப்பதற்கான செயற்கை நிலவு மண், நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்த்தசைட் பாறைகளிலிருந்து உருவாக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. வானங்களின் படைப்பைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் அழைக்கிறது. அத்தகைய சிந்தனைக்குரிய நிலவைப் புகைக்கு விளம்பரமாக்குவது தகுமா?

"பீடியைப் போலன்று, சுருட்டுப் புகையை உள்ளிழுப்பதில்லையே" என்பர் சிலர். உள்ளிழுக்காவிடினும் வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்கு அது காரணமாகிறது. பெரிய சுருட்டு ஒன்றிலேயே ஒரு பெட்டிச் சிகரெட்டின் அளவு புகையிலை இருக்கக்கூடும். முற்கால அறிஞர் சிலர் புகைப்பதை மக்ரூஹ் என்றனர். தீங்கு உறுதியான பின் இக்கால அறிஞர் பலர் ஹராம் என்கின்றனர். விலை கூடினால் தீங்கு குறையாது, வீண்விரயமே கூடும்.

பீடி புகைக்கும் கூலித் தொழிலாளியைக் கண்டிக்கும் நாம், செல்வர் வீட்டுத் திருமணத்தில் நீட்டப்படும் சுருட்டைக் கண்டு மௌனம் காக்கிறோம். மார்க்கத்தின் அளவுகோல் இருவருக்கும் ஒன்றே. பயணத்திலிருந்து திரும்பும் உறவினர் அதனை அன்பளிப்பாகத் தந்தாலும் கனிவோடு மறுத்துவிடுங்கள். பிறை பார்க்க மாடிக்கு ஓடிவரும் நம் பிள்ளைகள் அம்மறுப்பையும் பார்க்கட்டும்.

அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.